சவுத் ஃபோர்க் அணையும் நம் வளாகத்துக் குளமும்

(சென்ற மாதம் நம் கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்தி மடலில் தருகிறேன்.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினீயர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் 36 வருடம் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு வருடம் நம் சங்கத்தின் பொருளாளராகவும் இருந்தேன். அணை, ஏரி, கரை என்று பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் நானே எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

போன வருட ஆண்டுப் பொதுக்குழுவில் நம் குளத்தைப் பராமரிக்க 6,30,000 ரூபாய்க்கு ஓர் எஸ்டிமேட் வந்தது. 168 வீடுகளுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு 3,750 ரூபாய். 'குளம் நன்றாகத்தானே இருக்கிறது, இந்த வருடம் வேண்டாம்' என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். சொன்னதோடு நிற்கவில்லை. வரவு செலவு அறிக்கையில் 'குளம் பராமரிப்பு: ஒத்திவைப்பு' என்று எழுதி, அதைச் சிக்கனம் என்று காட்டிக் கைத்தட்டலும் வாங்கினேன்.

அதற்கு அப்புறம்தான் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, 'மாமா, பக்கத்தில் ஒரு பழைய அணை இருக்கிறது, பார்க்கலாம் வாருங்கள்' என்று காரில் அழைத்துப் போனார். ஒன்றரை மணி நேரப் பயணம். போய் இறங்கினால் அணையே இல்லை. இந்தப் பக்கம் ஒரு மண் மேடு, அந்தப் பக்கம் ஒரு மண் மேடு. நடுவில் பெரிய வெட்டவெளி. அதற்குள் ஒரு சின்ன ஓடையும் ரயில் பாதையும் போகின்றன. அந்த வெட்டவெளி எப்படி உண்டானது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

கை மாறிய சொத்து

அதன் பெயர் சவுத் ஃபோர்க் அணை. பென்சில்வேனியா மாநில அரசு கட்டியது. அந்தக் காலத்தில் சரக்குப் படகுகள் போக ஒரு கால்வாய் இருந்தது. கோடையில் அதற்குத் தண்ணீர் விடுவதற்காக மண்ணால் கட்டிய அணை இது. 72 அடி உயரம், 931 அடி நீளம். 1850-களின் தொடக்கத்தில் கட்டி முடித்தார்கள். ஆனால் அதற்குள் ரயில் வந்துவிட்டது. படகில் சரக்கு அனுப்ப ஆள் இல்லை. கால்வாயும் அணையும் 1857-ல் ரயில் கம்பெனியின் கைக்குப் போயின. கம்பெனிக்கு அணையால் ஒரு பயனும் இல்லை. கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 1862-ல் ஒருமுறை உடைந்தது. ஏரியில் அப்போது தண்ணீர் குறைவாக இருந்ததால் பெரிய சேதம் இல்லை.

1875-ல் ஒருவர் அதை 2,500 டாலருக்கு வாங்கினார். அணையின் அடியில், தேவைப்படும்போது தண்ணீரைத் திறந்துவிட ஐந்து பெரிய வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. அவற்றைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். பிறகு 1879-ல், தான் வாங்கியதைவிடக் குறைவாக, 2,000 டாலருக்கு அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார். அப்படி வாங்கியவர் பெயர் பெஞ்சமின் ரஃப். அவர் பிட்ஸ்பர்க்கின் பணக்காரர்களைச் சேர்த்து ஒரு கிளப் தொடங்கினார். பெயர் சவுத் ஃபோர்க் மீன்பிடி, வேட்டைக் கழகம். கோடையில் குடும்பத்தோடு வந்து தங்கவும், படகு விடவும், மீன் பிடிக்கவும் ஓர் இடம். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக், ஆண்ட்ரூ மெல்லன் எல்லாம் அதில் உறுப்பினர்கள். அறுபது பேர் அளவில் இருந்த அந்தக் கிளப்புக்குப் பணம் ஒரு பிரச்சினையே இல்லை.

வங்கியில் ஒரு கிளையை விட்டு மாற்றலாகிப் போகும்போது பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு. சாவி எத்தனை, ரொக்கம் எவ்வளவு, நிலுவை என்ன, எந்தப் பூட்டு பழுது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். இந்த அணை நான்கு கை மாறியது. சொத்து மட்டும்தான் மாறியது. பொறுப்பு யார் கையிலும் வந்து சேரவில்லை.

நான்கு சில்லறை வேலைகள்

கிளப்காரர்கள் அணையைச் சரி செய்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள்.

ஒன்று: உடைந்த இடத்தை மண், கல்லோடு மரக்கிளை, வைக்கோல் என்று கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்தார்கள். அதை மேற்பார்க்க முறையான அணைப் பொறியாளர் யாரும் இல்லை. அடைத்த இடம் நாளடைவில் கொஞ்சம் அமுங்கி, அணையின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்து போனது.

இரண்டு: விற்றுப்போன ஐந்து குழாய்களுக்குப் பதிலாகப் புதுக் குழாய் போடவில்லை. ஆகவே ஏரியின் மட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தாலும் வழி கிடையாது.

மூன்று: கரை மேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போக இடம் போதவில்லை. கரையின் உச்சியை இரண்டு மூன்று அடி வெட்டி அகலப்படுத்தினார்கள். அகலம் கூடியது, உயரம் குறைந்தது.

நான்கு: ஏரியில் விலை கொடுத்து வாங்கிய மீன்களை விட்டிருந்தார்கள். அவை உபரி நீரோடு தப்பிப் போகாமல் இருக்கக் கலிங்கில் இரும்புத் தடுப்பு வலை வைத்தார்கள்.

நான்கும் சில்லறை வேலைகள். கிளப்பின் கமிட்டிக் கூட்டத்தில் நான்குக்கும் யாரும் ஆட்சேபம் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே அந்தக் கமிட்டியில் இருந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பேன்.

அணையிலிருந்து 14 மைல் கீழே, பள்ளத்தாக்கில், ஜான்ஸ்டவுன் என்ற தொழிலாளர் ஊர். அங்கே இருந்த பெரிய இரும்பு ஆலையின் தலைவர் டேனியல் மொரல் ஒருவர்தான் விழித்துக்கொண்டார். 1880-ல் ஜான் ஃபுல்டன் என்ற தன் பொறியாளரை அனுப்பி அணையைப் பார்க்கச் சொன்னார். ஃபுல்டன் எழுதிய அறிக்கையில் இரண்டு குறைகள் முக்கியமானவை. தண்ணீரை வெளியேற்றக் குழாய் இல்லை. உடைப்பை அடைத்த விதம் உறுதியாக இல்லை, கசிகிறது. எங்களால் உங்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை என்ற பொருளில் ரஃப் பதில் எழுதிவிட்டார். செலவில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம் என்றுகூட மொரல் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் தானே அந்தக் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தார். 1885-ல் மொரல் இறந்தார். 1887-ல் ரஃபும் இறந்தார். எச்சரித்தவரும் இல்லை, மறுத்தவரும் இல்லை. ஃபைல் மட்டும் இருந்தது.

1889 மே 31

1889 மே 30 இரவு கனமழை. அந்தப் பகுதியில் 24 மணி நேரத்தில் 6 முதல் 10 அங்குலம் வரை பெய்தது. மறுநாள் காலை கிளப்பின் தலைவர் இலயஸ் உங்கர் எழுந்து பார்த்தபோது ஏரி மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த கூலியாட்களை ஓடி வரச் சொன்னார். சிலர் கரை மேல் மண் போட்டு உயர்த்தப் பார்த்தார்கள். சிலர் மறுமுனையில் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். சிலர் கலிங்கில் இறங்கினார்கள். அங்கே அந்த மீன் வலை முழுக்க மரக்கிளையும் இலையும் குப்பையும் அடைத்திருந்தன. தண்ணீரின் அழுத்தத்தில் வலையை அசைக்க முடியவில்லை. திறக்கக் குழாய் இல்லை. வழியவும் வழி இல்லை.

ஜான் பார்க் என்ற இளம் பொறியாளர் குதிரையேறி அடுத்த ஊருக்குப் போய்த் தந்தி அனுப்பச் சொன்னார். எச்சரிக்கை போகாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் 'அணை உடையப் போகிறது' என்ற பேச்சு கிளம்பி அடங்கி, ஜான்ஸ்டவுனில் அது ஒரு கேலியாகவே ஆகியிருந்தது. பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் அணை போனது. மண் கரையின் பலவீனம் இதுதான். தண்ணீர் கரைக்குள் நிற்கும் வரை தாங்கும். கரை மேல் ஏறி மறுபக்கம் வழிய ஆரம்பித்தால், பின்பக்க மண்ணை அரித்துக்கொண்டே வரும். நடுவில் தாழ்ந்த இடம் இருந்தால் மொத்தத் தண்ணீரும் அங்கேதான் பாயும். அங்கே அதுதான் நடந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில், 4 மணி 7 நிமிடத்துக்கு, ஜான்ஸ்டவுனில் வெள்ளம் புகுந்தது. வழியில் இருந்த வீடு, மரம், ரயில் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வந்தது. ஊரின் கல் பாலத்தில் அத்தனை குப்பையும் அடைத்து, அதில் தீயும் பிடித்தது. வெள்ளத்தில் தப்பி அங்கே சிக்கியவர்கள் தீயில் மாண்டார்கள்.

இறந்தவர்கள் 2,209 பேர். ஒருவர்கூட மிஞ்சாமல் அழிந்த குடும்பங்கள் 99. அடையாளம் தெரியாத எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஊருக்கு மேலே உள்ள மயானத்தில் வரிசையாக அடக்கம் செய்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். எதிலும் பெயர் இல்லை. நான் அங்கே நின்றபோது மாப்பிள்ளை ஏதோ கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வழக்குகள் போட்டார்கள். கிளப்பிடமிருந்தோ அதன் உறுப்பினர்களிடமிருந்தோ பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு காசு இழப்பீடு கோர்ட் மூலம் கிடைக்கவில்லை. கடவுள் செயல் என்று முடிந்துவிட்டது. கார்னகி பிறகு அந்த ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டடம்தான் இன்று வெள்ள நினைவு அருங்காட்சியகம்.

அந்த மழைக்கு எந்த அணையும் தாங்கியிருக்காது என்ற வாதம் ரொம்ப நாள் இருந்தது. அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1891-ல் வெளியிட்ட அறிக்கையே, கரையை வெட்டாமல் விட்டிருந்தாலும் தண்ணீர் மேலேறித்தான் போயிருக்கும் என்றது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, கரையைத் தாழ்த்தியதால்தான் உபரி நீர் வெளியேறும் திறன் வெகுவாகக் குறைந்தது, முதலில் கட்டியபடி இருந்திருந்தால் அணை தப்பியிருக்கும் என்கிறது. இரண்டு மூன்று அடி மண்ணுக்கு அத்தனை விலை.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம்

இது நடந்து நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று கேட்கலாம். 1977 நவம்பர் 6 அன்று, ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊரில், ஒரு கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை நள்ளிரவு தாண்டி உடைந்தது. உயரம் 40 அடிகூட இல்லை. ஒரு காலத்தில் மின்சாரம் எடுத்தார்கள். பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரியாக இருந்தது. கீழே தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அன்றைய அதிபர் கார்ட்டர், தனியார் அணைகளையும் சேர்த்துச் சோதிக்க உத்தரவிட்டார். அபாயமான இடத்தில் இருந்த அணைகளைச் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரிய வந்தது.

2015 அக்டோபரில் தென் கரோலினாவில் பெருமழை. நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு அணைகள் உடைந்தன. அவற்றில் பல, ஏரியைச் சுற்றி வீடு கட்டிக் குடியிருப்பவர்களின் சங்கங்களுக்குச் சொந்தமானவை. அதாவது, நம்மைப் போன்றவர்கள். மாதச் சந்தா வசூலிப்பவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை கூடுபவர்கள், இந்த வருடம் வேண்டாம் என்று கை தூக்குபவர்கள்.

இந்தியாவில் 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும் பொருந்தும். நம் குளம் அந்தக் கணக்கில் வராது. வராது என்பதில் நிம்மதி அடைய ஒன்றும் இல்லை. நம்மை வந்து சோதிக்க அந்தச் சட்டப்படி யாரும் வர மாட்டார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். நாமே பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

நம் குளத்தின் கணக்கு

இப்போது நம் குளத்துக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது, பதினோரு வருடமாகப் பார்த்த குளத்தைப் புதிதாகப் பார்த்தேன்.

நீளம் ஏறக்குறைய 60 மீட்டர், அகலம் 30 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். பெருக்கினால் 2,700 கன மீட்டர். 27 லட்சம் லிட்டர். நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், கோடையில் நாம் வாங்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 225. அத்தனை லாரிகளையும் வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரிவில் கட்டிய வளாகம் என்பதால் மூன்று பக்கம் தரை. கிழக்குப் பக்கம் மட்டும் மண் கரை. வெளிப்பக்கத்திலிருந்து ஒன்பது அடி உயரம். அதற்கு அப்பால் நம் காம்பவுண்டு சுவர். சுவருக்கு அப்பால் ஓடை. ஓடையின் ஓரத்தில் முப்பது வீடுகள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். காலையில் நம் வீட்டுக் காலிங் பெல்லை அடிப்பவர்கள். நம் கார்களைத் துடைப்பவர்கள். நம் செக்யூரிட்டிகளில் மூன்று பேர். குளம் நமக்கு அழகு. கரைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை, ஆபத்து மட்டும்தான். ஜான்ஸ்டவுன்காரர்களும் அந்த ஏரியில் மீன் பிடித்ததில்லை.

உபரி நீர் போகும் வாயைப் பார்த்தேன். வண்ண மீன்கள் வெளியே போகாமல் இருக்கக் கம்பி வலை அடித்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் பில் பாஸ் செய்தது நான்தான். வலையில் பாதிக்கு மேல் வேப்பிலையும் பிளாஸ்டிக் கவர்களும். அடியில் உள்ள வால்வைக் கடைசியாக எப்போது திருப்பினீர்கள் என்று நம் தோட்டக்காரரைக் கேட்டேன். 'நான் வந்ததிலிருந்து தொட்டதில்லை சார், துரு ஏறிப் போச்சு' என்றார். குளத்தின் வரைபடம் எங்கே என்று ஆபீஸ் அலமாரியில் தேடினேன். பில்டர் ஒப்படைத்த பட்டியலில் லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார் எல்லாம் இருக்கின்றன. குளம் 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது. பொறுப்பு கை மாறவில்லை என்று அமெரிக்காக்காரர்களைச் சொன்னேனே, நாமும் அப்படித்தான் வாங்கியிருக்கிறோம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் கரை இன்றைக்கே உடையும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு அறிவு கிடையாது. உடையாது என்று சொல்லவும் எனக்கு அறிவு கிடையாது. ஆனால் போன வருடம் அப்படித்தான் சொன்னேன்.

சட்டமும் கொஞ்சம்

என்னோடு வேலை பார்த்த சட்ட அதிகாரி ஒருவர் அடிக்கடி சொல்லும் இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று இங்கிலாந்தில் 1868-ல் முடிந்த ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர். ஓர் ஆலை முதலாளி ஆள் வைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து, பக்கத்துச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. முதலாளி மேல் நேரடித் தவறு இல்லை. ஆனாலும், தப்பித்தால் தீங்கு செய்யக்கூடிய பொருளைத் தன் இடத்தில் சேர்த்து வைத்தவனே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது.

இரண்டாவது நம் பழைய சென்னை மாகாணத்து வழக்கு. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாதைக்குச் சேதம். ரயில்வே கம்பெனி வழக்குப் போட்டது. 1874-ல் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏரிகள் இந்த நாட்டில் தொன்றுதொட்டு இருப்பவை, மக்களின் பாசனத்துக்காக அவற்றைக் காப்பாற்றுவது ஜமீன்தாரின் கடமை, அவர் அலட்சியமாக இருந்தார் என்று நிரூபித்தால்தான் பொறுப்பாக்கலாம் என்றது.

நம் குளத்தால் ஒரு சென்ட் நிலமும் பாசனம் பெறவில்லை. அந்த ஏரிக்குக் கிடைத்த சலுகை நமக்குக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். சலுகை கிடைத்தாலும், எஸ்டிமேட் வந்தும் தள்ளிவைத்தோம் என்று என் கையெழுத்தோடு அறிக்கை இருக்கிறது. அலட்சியத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? முறையான சட்டக் கருத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கோர்ட்டில் தப்பிப்பது நம் நோக்கமாக இருக்கக் கூடாது. அந்தக் கிளப்காரர்கள் கோர்ட்டில் தப்பித்தவர்கள்தான்.

என்ன செய்யலாம்

திரும்பி வந்து ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நாம் எல்லோரும் கண்ணால் பார்க்கக்கூடியவை:

1. உபரி நீர் வாய் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். வலை வேண்டுமென்றால் கையால் சட்டென்று தூக்கி எடுக்கும்படி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வலையே வேண்டாம். நாலு மீன் போனால் போகட்டும்.

2. கரையின் வெளிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் குறித்து வைத்துக் கவனிக்க வேண்டும். மண் கலந்து கலங்கலாக வந்தால் கரையின் உள்ளே அரிப்பு நடக்கிறது என்று பொருள். அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும்.

3. எலி வளை, நண்டு வளை, கரை மேல் விரிசல், தாழ்ந்த இடம். கரையின் உச்சி ஒரே மட்டமாக இருக்க வேண்டும். நாம் நடந்து நடந்து பள்ளமாக்கிய இடம் ஒன்று ஊஞ்சலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

4. கரையில் புல்தான் இருக்க வேண்டும், மரம் கூடாது. வேர் போன வழியில் தண்ணீர் போகும். ஆனால் வளர்ந்த மரத்தை நாமாகப் பிடுங்கக் கூடாது. வேர் மக்கிய இடம் குழாய் போல ஆகிவிடும். பொறியாளர் சொன்னபடி செய்ய வேண்டும்.

நாம் கை வைக்கக் கூடாதவை: துருப்பிடித்த வால்வை யாரும் பலம் போட்டுத் திருப்ப வேண்டாம். திறந்து மூட முடியாமல் போனால் கீழே உள்ளவர்களுக்கு நாமே வெள்ளம் விட்டதாகிவிடும். தண்ணீரைக் குறைப்பதாக இருந்தாலும் மெதுவாகக் குறைக்க வேண்டும். சட்டென்று வடித்தால் ஈரக் கரை உள்பக்கம் சரியும் என்கிறார்.

கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

வரும் பொதுக்குழுவில் நான் மூன்று தீர்மானங்கள் கொண்டுவரப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வீட்டில் பேசி முடிவெடுத்து வாருங்கள்.

முதலாவது, ஐப்பசி மழைக்கு முன் மோட்டார் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, குளத்தின் மட்டத்தை இரண்டு அடி குறைத்து, வேலை முடியும் வரை அப்படியே வைத்திருப்பது. இறைத்த தண்ணீர் நம் தோட்டத்துக்கு ஆகும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

இரண்டாவது, வீட்டுக்கு 3,750 ரூபாய். பொறியாளரின் ஆய்வு, புது வால்வு, உபரி நீர் வாயை அகலப்படுத்துவது, கரையின் மட்டத்தைச் சரி செய்வது எல்லாம் இதில் அடக்கம். எஸ்டிமேட் போன வருடத்தது. கொஞ்சம் கூடலாம். தள்ளிப்போட்டதற்கு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் தேய்மானத்துக்கு வருடாவருடம் ஒதுக்காமல் லாபம் காட்டினால் ஆடிட்டர் விட மாட்டார். நான் காட்டிய சிக்கனமும் அப்படிப்பட்ட லாபம்தான். ஒரே தவணையில் கட்ட முடியாதவர்கள் மூன்று மாதத்தில் கட்டலாம்.

மூன்றாவது, கீழே உள்ள முப்பது வீடுகளிலும் யாரிடம் சொன்னால் எல்லோருக்கும் சேதி போகும் என்று கேட்டு, அந்த எண்களை செக்யூரிட்டி அறையில் எழுதி ஒட்டுவது. இரவில் கனமழை பெய்தால் கரையைப் பார்க்க ஓர் ஆள், பார்த்ததை எழுத ஒரு நோட்டு. அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லவும் வேண்டும். சொல்ல நான் போகிறேன். போன வருடம் வேண்டாம் என்று சொன்னவன் நான். அதனால் நான்தான் போக வேண்டும். இரண்டு பேர் கூட வந்தால் தைரியமாக இருக்கும்.

'பில்டர்தான் செய்ய வேண்டும்' என்று சிலர் சொல்வார்கள். அவரிடம் கடிதம் எழுதிக் கேட்போம், தப்பில்லை. ஆனால் மழை அவருடைய பதிலுக்காகக் காத்திருக்காது. 'பதினோரு வருடம் ஒன்றும் ஆகவில்லையே' என்றும் சொல்வார்கள். சவுத் ஃபோர்க் கிளப் தொடங்கியது 1879-ல், அணை போனது 1889-ல். பத்து வருடம் அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

குளத்தை மூடிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். மாலையில் பிள்ளைகள் அங்கே மீனுக்குப் பொரி போடுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். என் பேத்தி அடுத்த விடுமுறைக்கு வரும்போது அவளையும் கூட்டிப்போவேன். ஆனால் கரையில் நின்று குளத்தைப் பார்த்தபின், ஒருமுறை திரும்பிக் கிழக்கே கீழேயும் பாருங்கள். மாலை நேரத்தில் அந்த முப்பது வீடுகளிலும் விளக்கு எரியும், சமையல் வாசனை வரும். அதையும் பார்த்துவிட்டுப் பொதுக்குழுவுக்கு வந்து கையைத் தூக்குங்கள்.